கற்கண்டு போட்ட டிபன்

மீன் வாங்கப் போன புருஷன் மூன்றரை மணி நேரம் கழித்து வீடு திரும்பினால் பெண்டாட்டி எதைப் பார்ப்பாள்? துளசி பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள்.

பையில் ஒரு மளிகைக் கடையின் பெயர். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், கடலுக்கு அக்கரை ஊரான பட்டர்வொர்த். கிஷன் போவதாகச் சொன்னதோ கெலுகோர் பாசாருக்கு. அது வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

"ஏங்க, இவ்ளோ நேரமா?"

"கூட்டம் லா துளசி. சனிக்கிழமைல்ல."

"மீன் நல்லா இருக்கு" என்றாள் துளசி.

சண்டை போடுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். மீனைப் பாராட்டிவிட்டு உள்ளே போகிறவளைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் கிஷனுக்கு இது தெரியவில்லை. நிம்மதியாகத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

துளசியின் இந்தக் குடைச்சல் போன வாரம் ஆரம்பித்தது. பல்கலைக்கழக நூலகத்தில் அவளுடைய பக்கத்து மேசைக்காரி பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள். "உங்க வீட்டுக்காரர ஃபெரில பாத்தேன்கா. போன மாசம் ஒரு தடவ, அதுக்கு முந்துன மாசம் ஒரு தடவ. சனிக்கிழம காலைல. கைல டிபன் கேரியர் வச்சிருந்தாரு."

துளசி வீட்டில் டிபன் கேரியரே கிடையாது. அந்த இரண்டு சனிக்கிழமையும் கிஷன் ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

இரண்டு தேதிகளையும் காலண்டரில் தேடினாள். இரண்டுமே மாதத்தின் இரண்டாவது சனி. இரண்டாவது சனி என்றால் சிநேகிதர்கள் கூடிச் சாப்பிடும் நாள்.

ஐந்து வருடமாக நடக்கிற விருந்து அது. மூன்று குடும்பங்கள், மாதம் ஒரு வீடு. விருந்து நடக்கும் வீட்டில் சோறும் குழம்பும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வர வேண்டும். மாடு கிடையாது, பன்றி கிடையாது, கோழியென்றால் ஹலால் கடைக் கோழி. கடையில் வாங்கிய சாப்பாடு கூடவே கூடாது.

இந்தக் கடைசிச் சட்டத்தை மீறுவதற்கென்றே பிறந்தவள் ரொஸ்னா. லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் மனைவி. துளசிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உயிர்த்தோழி. ஆனால் சமையல் மட்டும் வராது. ஒரு தடவை 'நானே செஞ்சேன்' என்று கொண்டு வந்த முர்த்தாபா ரொட்டிக்கு அடியில் கடைக்காரன் போட்ட ரப்பர் பேண்ட் கிடந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் துளசிக்குப் புரையேறிவிட்டது.

அந்த ரொஸ்னாதான் இப்போது இரண்டு மாதமாகப் பிரமாதமான பதார்த்தங்களாக மேசையில் வைக்கிறாள். உப்பு மட்டும்தான் இருப்பதில்லை. செய்முறை கேட்டால், "அது ஒண்ணுமில்ல லா" என்று பேச்சை மாற்றுகிறாள்.

இந்த மாதம் துளசியின் முறை. விருந்தாளிகள் இன்று இரவு எட்டு மணிக்கு வருவார்கள். யாருக்கு எதற்காக மீன் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று துளசிக்கே தெரியவில்லை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேசை மேல் கிஷன் போட்டிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினாள்.

காடியின் பின்பக்கத்தைத் திறந்தாள். குடை, பழைய செருப்பு, அதற்குப் பின்னால் ஒரு துண்டு. துண்டை விலக்கினாள்.

நாலடுக்கு எவர்சில்வர் டிபன். மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: ரொஸ்னா – சீனி முகம்மது. கல்யாணச் சீர்ப் பாத்திரம். மார்க்கெட் ஸ்திரீட் பாத்திரக் கடையில் பெயர் வெட்டக் கொடுத்தபோது கூடவே நின்றவள் துளசிதான்.

டிபன் கனத்தது. திறந்தாள். கீழ் மூன்று அடுக்கிலும் கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட பிரட்டல். மேல் அடுக்கில் சாப்பாடு இல்லை. ஆனால் காலியாகவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு கட்டிக் கற்கண்டு, நெல்லிக்காய் அளவுக்கு.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஒருத்தி ஒரு கரண்டி சீனி போடுவாள், இன்னொருத்தி நாலு பேரீச்சம்பழம் வைப்பாள். துளசி எலுமிச்சம்பழம் வைப்பாள். ஆக, ரொஸ்னாவின் டிபன் எங்கோ போய், யாரோ ஒருத்தி கையால் நிறைந்து திரும்பியிருக்கிறது. அந்த யாரோ ஒருத்தி பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். கற்கண்டு வைக்கிற அளவுக்கு இனிக்கிற உறவு!

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அந்தக் கற்கண்டை இன்னும் ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்திருந்தால் மீதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும். துளசி பார்க்கவில்லை. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, டிபனை இருந்தபடியே துண்டால் மூடிவைத்துவிட்டு மேலே வந்தாள்.

மகள் நவீனா ஹாலில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"உங்கப்பா ஃபோன் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

"அலாமாக்! எதுக்கு?"

"தெரியுமா தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா பொய் சொல்றாரு. பொய்க்கு எதுக்குக் கேள்வி?"

நவீனா துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். "ம்மா... நீங்க கோவப்பட்டா பயமா இருக்கும்மா. பெரிமா விஷயத்துல அப்படித்தான..."

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

பதினோரு வருடமாக அந்த வீட்டில் எடுக்கக் கூடாத பேச்சு அது. துளசிக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒரு அக்கா, லோகேஸ்வரி. அம்மா கடைசிக் காலத்தில் புக்கிட் மெர்தாஜாமில் லோகா வீட்டில்தான் கிடந்தார். அம்மாவுக்கு முடியவில்லை என்று லோகா ஒரு ஃபோன்கூடப் பண்ணவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். துளசி போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடத் தயாராக நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் துளசி கத்தினாள். "இனிமே உன் கையால ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன். இது எங்கம்மா மேல சத்தியம்."

சொன்னபடியே இருந்தாள். லோகா வீடு மாறியபோதும் எங்கே என்று கேட்கவில்லை. கூடப் பிறந்தவளையே அறுத்துவிட்டவளுக்கு ரொஸ்னா எம்மாத்திரம்? அப்படித்தான் துளசி நினைத்தாள். நினைத்த உடனே அழுகை வந்தது. புருஷன் துரோகம் பண்ணினால் கோபப்படலாம், கேள்வி கேட்கலாம். தோழியும் அதற்குத் துணை என்றால் யாரிடம் போய் அழுவது?

மூன்று மணிக்குக் கிஷன் சட்டையை மாட்டினார். "சீனி கடைல நாற்காலி இருக்காம். போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"நம்ம வீட்டு நாற்காலி பத்தாதா? ஆறு பேர்தானே."

"இருந்தா நல்லதுதான லா."

"போய்ட்டு வாங்க."

ஐந்து மணிக்கு நாற்காலிகள் வந்தன. துளசி எலுமிச்சம்பழம் வாங்குகிற சாக்கில் கீழே போய்க் காடியைத் திறந்து பார்த்தாள். குடை இருந்தது, செருப்பு இருந்தது, துண்டும் இருந்தது. டிபன் இல்லை.

மஃரிப் என்ற அந்தித் தொழுகையை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குச் சரியாக வந்தார்கள். முன்னால் சீனி முகம்மது, கையில் ரம்புத்தான் கொத்து. பின்னால் ரொஸ்னா, கையில் பெரிய கண்ணாடிக் கிண்ணம். கடைசியில் நூர் ஃபாத்திஹா, கோழி வறுவல் வாசத்தோடு. அவள் கணவன் அப்துல் காதர் வேலையாகக் கோலாலம்பூர் போயிருந்ததால் தனியாக வந்திருந்தாள். ஃபாத்திஹா பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் தாதி. மூவரிலும் இளையவள். விருந்துக்கு விருந்து உப்பைக் குறையுங்கள் என்று எல்லோர் உயிரையும் எடுப்பவள்.

"துளசி! வாசம் ஆள தூக்குது லா. வாவல் மீனா?" ரொஸ்னா கட்டிப் பிடித்தாள்.

துளசி கட்டை மாதிரி நின்றாள். "நீ என்ன கொண்டு வந்த?"

"பலாக்கொட்டப் பிரட்டல்."

"நீயே செஞ்சியா?"

"பின்ன?" என்று சிரித்தாள் ரொஸ்னா. ஆனால் அவள் கண் ஒரு நொடி கிஷன் பக்கம் போய்த் திரும்பியது. துளசி அதைப் பார்த்துவிட்டாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எல்லாப் பதார்த்தமும் சுற்றி வந்தது. தன் தட்டிலும் கொஞ்சம் பிரட்டல் போட்டுக்கொண்டாள், சந்தேகம் வரக் கூடாதே என்று. இரண்டு வாய் சாப்பிடவும் செய்தாள். உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. கோபத்தில் இருந்தவளுக்கு வேறு ருசியும் தெரியவில்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?" சீனி முகம்மது உப்புச் சாடியை இழுத்தார். "இந்த ஃபாத்திஹா பேச்சக் கேட்டு என் பொண்டாட்டியும் உப்ப விட்டுட்டா. மூணு மாசமா இதே கத. எனக்கு நாக்கு செத்துப் போச்சு."

"உடம்புக்கு நல்லதுண்ணே" என்ற ஃபாத்திஹா ஏனோ நிமிரவில்லை.

சாடி சுற்றி வந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒரு சிட்டிகை தூவிக்கொண்டார்கள். துளசியும் தூவினாள். பிறகு இடது கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கற்கண்டை எடுத்து ரொஸ்னாவின் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"இது உன்னோடதா?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த கிஷனின் கை அப்படியே நின்றது.

"என்னாது இது?" ரொஸ்னா உண்மையாகவே விழித்தாள்.

"உன் டிபன்ல இருந்துச்சு. மேல் அடுக்குல. எங்க காடில."

"நான்... நான் கற்கண்டு போட மாட்டேனே. எங்க வீட்ல சீனிதான் லா போடுவோம், உனக்குத் தெரியும்ல."

"தெரியும். அப்ப வேற யாரு போட்டா? பட்டர்வொர்த்துல எவ இருக்கா? அவளுக்கு நீ டிபன் குடுக்கற, இவரு தூக்கிட்டுப் போறாரு. சொல்லு ரொஸ்னா. முப்பது வருஷப் பழக்கம். சொல்லிட்டுச் சாப்பிடு."

ரொஸ்னா மறுபடியும் கிஷனைப் பார்த்தாள். நவீனா அந்தக் கற்கண்டை எடுத்து விரலில் உருட்டினாள்.

"ம்மா, இது பெரிமா தர்றதுல்ல? சின்னப் பிள்ளைல எப்ப அவங்க வீட்டுக்குப் போனாலும் திரும்பி வர்றப்ப டிபன்ல இப்படித்தான இருக்கும். ஒரு அடுக்கு காலியா இருந்தாலும் இத ஒண்ணு வைப்பாங்க. நான் வர்ற வழிலயே தின்னுருவேன்."

துளசி மகள் விரலில் இருந்த கற்கண்டை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

அது அம்மாவின் பழக்கம். டிபனில் ஓர் அடுக்குகூட வெறுமனே போகக் கூடாது என்பார் அம்மா. சாப்பாடு வைத்தது போக மீந்த அடுக்கில் ஒரு கட்டிக் கற்கண்டு. அம்மா போன பிறகு துளசி அதை விட்டுவிட்டாள். கற்கண்டைப் பார்த்தால் அழுகை வருகிறதென்று எலுமிச்சம்பழத்துக்கு மாறினாள். அப்படியானால் அந்தப் பழக்கத்தை விடாதவள் உலகத்தில் இன்னும் ஒருத்திதான் இருக்கிறாள்.

தட்டைக் குனிந்து பார்த்தாள். பலாக்கொட்டையின் பழுப்புத் தோல் உரிக்கப்படவில்லை. அதுவும் அம்மாவின் கை. தோலில்தான் சத்து என்று சொல்லி அப்படியே போடுவார். துளசி ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டாள். தூவிய உப்பு அதில் சேர்ந்திருந்தது. இப்போது அந்த ருசி வந்தது. நுணுக்கிப் போட்ட சோம்பு, கருக விட்ட வெங்காயம், கடைசியில் ஒரு துளி வெல்லம். அம்மா எதிரில் உட்கார்ந்து ஊட்டுகிற மாதிரி இருந்தது.

விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எத்தன மாசமா?" என்றாள் கடைசியில்.

"மூணு" என்றார் கிஷன். "அவங்களே என்னக் கூப்ட்டுக் கேட்டாங்க, துளசி. 'என் தங்கச்சி என் கையால ஒரு வாய் சாப்பிடணும். ஆனா அவ சொன்ன சொல்லும் கெடக் கூடாது. தெரியாம சாப்பிட்டா சத்தியம் கெடாதுல்ல?'ன்னு கேட்டாங்க. நான் என்ன லா சொல்றது?"

"நான் செஞ்சேன்னு சொன்னா நீ நம்புவியான்னு பயந்துக்கிட்டேதான் கொண்டாந்தேன்" என்று அழுதாள் ரொஸ்னா. "வெறும் டிபன அனுப்ப மனசு வரல. கஞ்சி காய்ச்சி அனுப்புவேன். எனக்கு அதான வரும்."

துளசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்க. அம்மா முகத்த எனக்குக் காட்டாதவ அவ. பதினோரு வருஷமா இல்லாத பாசம் இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு? இப்ப ஏன்?"

சீனி முகம்மது என்ன செய்வதென்று தெரியாமல் உப்புச் சாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார்.

துளசியின் கண் அந்தச் சாடி மேல் விழுந்தது.

மூன்று மாதம், மூன்று பதார்த்தம். ஒன்றில்கூட உப்பில்லை. அம்மாவைவிட ஒரு கல் உப்பு கூடப் போட்டுச் சமைப்பவள் லோகா. அதற்காகவே சின்ன வயதில் அவளிடம் சண்டை பிடித்ததுண்டு. அவள் சமையலில் ஏன் உப்பில்லை?

மெல்லத் திரும்பி ஃபாத்திஹாவைப் பார்த்தாள். வந்ததிலிருந்து நிமிராதவள் இப்போதும் நிமிரவில்லை.

"வாரத்துக்கு எத்தன நாள்?" என்றாள் துளசி.

"அக்கா, மொதல்ல நீங்க உக்காருங்க."

"எத்தன நாள், ஃபாத்திஹா?"

"மூணு நாளுக்கா. செவ்வா, வியாழன், சனி." ஃபாத்திஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலைலயும் வந்தாங்க. நாலு மணிக்கே எந்திரிச்சு இதச் சமைச்சு அண்ணன்கிட்ட குடுத்துட்டுத்தான் டயாலிசிஸ் மெஷின்ல வந்து படுத்தாங்க. உப்புப் போட்டா வாய் வச்சுப் பாக்கத் தோணும், அதனால வீட்டுலயே உப்பு வச்சுக்கறதில்ல. என் தங்கச்சி வீட்ல உப்பு இருக்கும், போட்டுக்குவான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

துளசி உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நவீனா எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகைக்கு நடுவே கேட்டாள். "அன்னிக்கு அம்மாவுக்கு முடியலன்னு எனக்கு ஏன் சொல்லல, அதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் கிஷன். "காரணம் இருக்காம். ஆனா என் வாயால சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. உன்கிட்ட மட்டும்தான் சொல்வாங்களாம். நீயா கேட்டு வந்தா."

துளசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டிபன் எங்க?"

"எங்க காடில" என்றாள் ரொஸ்னா.

"எடுத்துட்டு வா. நாளைக்கு ஞாயித்துக்கிழம, வீட்லதான இருப்பா. நான் கொண்டு போறேன்."

"துளசி, அவங்க கதவத் தெறப்பாங்களான்னு தெரியல" என்றார் கிஷன். "எங்க வாயால உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா அப்புறம் எங்க யாரையும் உள்ள விட மாட்டேன்னு சொல்லியிருக்காங்க."

டிபன் வந்ததும் துளசி மேசையைப் பார்த்தாள். புளியும் உப்புமாக மீன் குழம்பு, கோழி வறுவல், ஊறுகாய், அப்பளம். ஆறு பேருக்கு நாள் முழுக்க நின்று ஆக்கிய சாப்பாடு. இதில் அக்கா தின்னக்கூடியது ஒன்றுமில்லை.

தட்டில் மீதியிருந்த பிரட்டலை வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியை எடுத்து வைத்தாள்.

"ஃபாத்திஹா, இங்க வா. அவ என்ன தின்னலாம், எத தின்னக் கூடாது, ஒண்ணு விடாம சொல்லு."

அடுப்பு எரிந்தது. வெங்காயம் வதங்கியது. துளசியின் கை, பழக்கதோஷம், தானாக உப்புச் சாடி பக்கம் நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நவீனா."

"என்னம்மா?"

"இதக் கொண்டு போய் உன் ரூம்ல வையி. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

நவீனா ஒரு கையில் சாடியையும் இன்னொரு கையில் கற்கண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இது?"

துளசி திரும்பிப் பார்த்தாள். "அத மேல் அடுக்குல வை" என்றாள். "கதவத் தெறக்கலன்னா, அவ வாசல்லயே உக்காந்து அத நான் தின்னுக்கறேன்."